மேசைமேல் பெட்டிக்குள் சாவி: ஆங்கில ப்ரெபொசிஷன், புதிதாகக் கற்பவர்களுக்கு

"மேசைமேல் இருக்கிற பெட்டிக்குள் இருக்கிற சாவி." இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். புதிதாகக் கற்கும் பலர் "டேபிள்" என்று ஆரம்பித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். அத்தனை சொல்லும் தெரிந்திருக்கும். எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதுதான் பிடிபடாது.

ஆங்கிலத்தில் அது "த கீ இன் த பாக்ஸ் ஆன் த டேபிள்". நம் வரிசை மேசை, மேல், பெட்டி, உள், சாவி. அவர்கள் வரிசை சாவி, உள், பெட்டி, மேல், மேசை. அச்சு அசலாகக் கண்ணாடியில் தெரியும் பிம்பம். அதில் நடுநடுவே நிற்கும் "இன்", "ஆன்" இரண்டும்தான் ப்ரெபொசிஷன்.

தமிழில் இதை முன்னிடைச்சொல் என்பார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து, அந்தப் பெயருக்கும் வாக்கியத்தின் மற்றச் சொற்களுக்கும் என்ன உறவு என்று சொல்லும். லத்தீன் மூலத்துக்கும் "முன்னே வைத்தல்" என்பதுதான் பொருள். அதே வேலையை நாம் பின்னால் ஒட்டும் உருபுகளை வைத்துச் செய்கிறோம்: வீட்டை, வீட்டால், வீட்டுக்கு, வீட்டில். உருபு போதாத இடத்தில் மேல், கீழ், பற்றி, வரை, இடையே என்று தனிச்சொல் வரும். அதுவும் பெயருக்குப் பின்னால்தான். ஆகவே ப்ரெபொசிஷன் நமக்கு முற்றிலும் புதிய சரக்கு கிடையாது. இடம் மாறி நிற்கும் வேற்றுமை உருபு என்று எடுத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி நியாயமான பயம். ஏனென்றால் நம் உருபு ஒன்றுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு ப்ரெபொசிஷன் என்று கணக்கு நேராக வராது.

ஒரு காலத்தில் ஆங்கிலமும் கொஞ்சம் நம்மைப் போலத்தான் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் வால் வேற்றுமைக்கேற்ப மாறும். ப்ரெபொசிஷன்களும் அப்போதே உண்டு. நாளடைவில் அந்த வால்கள் தேய்ந்து உதிர, அவை சுமந்த வேலை முழுவதும் ப்ரெபொசிஷன் தலையிலும் சொல்வரிசையின் தலையிலும் விழுந்தது. "ஜான்ஸ் புக்" என்னும்போது ஜானின் முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் எஸ், அந்தப் பழைய வாலின் எச்சம்.

தொடங்குமுன் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஓ, எஃப் என்று ஒரே ஒரு எஃப் போட்டு எழுதுவதை "ஆவ்" என்று சொல்ல வேண்டும். இரண்டு எஃப் போட்டால்தான் "ஆஃப்". முதலாவது "உடைய" போன்றது; இரண்டாவது விலகுவதைச் சொல்வது. இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால், எழுதும்போதும் பலருக்கு இவை குழம்பிப்போகின்றன. இந்தக் கட்டுரையில் அந்த வேறுபாட்டோடுதான் எழுதுகிறேன்.

முதல் படி: ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் என்ன வரலாம்?

பெயர்ச்சொல் வரலாம், "மீ", "ஹிம்", "தெம்" போன்ற பிரதிப்பெயர் வரலாம், "இங்" சேர்ந்த வினை வரலாம். புதிதாகக் கற்பவருக்கு இந்த மூன்றும் போதும்.

பிரதிப்பெயரில் "ஐ" வராது, "மீ" தான் வரும். "வித் மீ", "ஃபார் ஹிம்", "பிட்வீன் யூ அண்ட் மீ". "பிட்வீன் யூ அண்ட் ஐ" என்று சொன்னால் நாகரிகமாக இருக்கும் என்று நினைத்து அப்படிச் சொல்பவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே உண்டு. அதைக் கேட்டு நாமும் பின்பற்ற வேண்டாம்.

வினை வந்தால் "இங்" கட்டாயம்: "ஆஃப்டர் ஈட்டிங்", "வித்தவுட் ஆஸ்கிங்", "குட் அட் சிங்கிங்". இந்த விதியை எல்லோரும் எளிதில் பிடித்துக்கொள்வார்கள், "டு" வந்து கலைக்கும்வரை. "டு" இரட்டை வேடம் போடும். "ஐ வான்ட் டு கோ" என்பதில் அது ப்ரெபொசிஷன் அல்ல, வினையோடு வரும் வெறும் அடையாளம். "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ" என்பதில் அது அசல் ப்ரெபொசிஷன், அதனால்தான் "மீட்டிங்". எப்படிக் கண்டுபிடிப்பது? "டு" வுக்குப் பின்னால் "இட்" போட்டு வாக்கியத்தை முடித்துப் பாருங்கள். "லுக்கிங் ஃபார்வர்டு டு இட்" நிற்கிறது. ஆகவே "இங்" வேண்டும். "ஐ வான்ட் டு இட்" நிற்கவில்லை, ஆகவே வேண்டாம். "ஐ ஆம் யூஸ்டு டு வாக்கிங்" என்றால் நடந்து பழகியவன். "ஐ யூஸ்டு டு வாக்" என்றால் முன்பு நடப்பேன், இப்போது இல்லை. முதலாவதில் "இட்" நிற்கும், இரண்டாவதில் நிற்காது.

இரண்டாம் படி: "இல்" மூன்றாகப் பிரியும் இடம்

தமிழர் ஆங்கிலம் எழுதும்போது அதிகமாகச் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம். நம்மிடம் "இல்" என்று ஒரே உருபு. அவர்களிடம் "இன்", "ஆன்", "அட்" என்று மூன்று. "இல்" என்றதுமே "இன்" என்று கை போய்விடும். ஒலியும் ஒத்துவருவது ஒரு சங்கடம்.

தமிழ் உருபைப் பார்க்காதீர்கள், பொருளின் வடிவத்தைப் பாருங்கள். அது நான்கு பக்கமும் சூழ்ந்து, உள்ளே வைத்துக்கொள்ளும் இடமா? "இன்". தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பா, கோடா? "ஆன்". உள்ளும் புறமும் முக்கியமில்லை, வரைபடத்தில் வைத்த ஒரு புள்ளி போல நினைக்கிறீர்களா? "அட்".

ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். கதவில் ஈ உட்கார்ந்திருந்தால் "அ ஃப்ளை ஆன் த டோர்". கதவில் ஓட்டை இருந்தால் "அ ஹோல் இன் த டோர்". ஓட்டை பலகையின் மேல் ஒட்டியிருக்கவில்லை, பலகைக்குள்ளே இருக்கிறது. யாரோ வந்து கதவைத் தட்டிக்கொண்டு நின்றால் "சம்படி அட் த டோர்". அவர் கதவைத் தொடவே வேண்டியதில்லை, கதவு என்ற புள்ளியில் நிற்கிறார், அவ்வளவுதான். கதவு ஒன்று, பார்வை மூன்று. இந்த மூன்று வாக்கியங்களும் மனதில் தங்கிவிட்டால் பக்கம் பக்கமாக விதிகளைப் படிக்க வேண்டியதில்லை.

"ஆன்" என்றால் மேலே என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் "ஆன் த சீலிங்" வரும்போது திகைப்பார்கள். கூரையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கும் பல்லிக்கும் "ஆன்" தான். தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தொடாமல் மேலே இருந்தால் "ஓவர்" அல்லது "அபவ்". நேர் உச்சியில் இருந்தாலோ, மூடியிருந்தாலோ, குறுக்கே கடந்தாலோ "ஓவர்". வெறுமனே உயரத்தில் இருந்தால் "அபவ்". கீழே என்பதற்கும் "அண்டர்", "பிலோ" என்று இதே ஜோடி.

வாகனங்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு: உள்ளே எழுந்து நின்று நடக்க முடியுமா? முடியும் என்றால் "ஆன்": "ஆன் அ பஸ்", "ஆன் அ ட்ரெயின்", "ஆன் அ ஷிப்". முடியாது என்றால் "இன்": "இன் அ கார்", "இன் அ டாக்ஸி". ஏறி உட்காரும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் "ஆன்". எதில் போனீர்கள் என்று வழியை மட்டும் சொல்ல "பை பஸ்", "பை ட்ரெயின்". நடையாகப் போனால் "ஆன் ஃபுட்". இந்த "பை"க்கும் வாகனத்துக்கும் நடுவே "த" வந்துவிடக் கூடாது. "ஹி வாஸ் ஸ்டாண்டிங் பை த பஸ்" என்றால் அவன் பேருந்துக்குப் பக்கத்தில் நின்றான்.

"இடையே"க்கு இரண்டு பேர் என்றால் "பிட்வீன்", அதற்கு மேல் போனால் "அமங்" என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது பாதி உண்மை. மூன்று நாடுகள் தனித்தனியாக நின்று கையெழுத்திடும் ஒப்பந்தம் "பிட்வீன் த்ரீ கன்ட்ரீஸ்" தான். கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்திருந்தால் "அமங்".

மூன்றாம் படி: காலம்

இங்கேயும் அதே புள்ளி, பரப்பு, பெட்டிதான். மணி என்பது புள்ளி: "அட் ஃபைவ்". கிழமையும் தேதியும் "ஆன்": "ஆன் மண்டே". மாதம், ஆண்டு, பருவம் எல்லாம் நம்மை உள்ளே வைத்திருக்கும் பெட்டி: "இன் ஜூலை", "இன் 2019". "இன் த மார்னிங்" சரி. "அட் நைட்" விதிவிலக்கு. ஆனால் கிழமை சேர்ந்தால் கிழமை சொல்வதுதான் சட்டம்: "ஆன் மண்டே மார்னிங்". நாம் "திங்கட்கிழமை வந்தான்" என்று உருபே இல்லாமல் சொல்வதால் இந்த "ஆன்" எழுத்தில் விட்டுப்போகும். அமெரிக்கப் பேச்சில் அவர்களே அதை விட்டுவிடுவது உண்டு; எழுதும்போது போட்டுவிடுங்கள். அதற்கு எதிர்ப்பக்கம், "லாஸ்ட்", "நெக்ஸ்ட்", "திஸ்", "எவ்ரி" முன்னால் வந்தால் எதுவும் வேண்டாம். "ஆன் நெக்ஸ்ட் மண்டே" என்று எழுதத் தேவையில்லை, "நெக்ஸ்ட் மண்டே" போதும்.

காலத்தில் உண்மையான வம்பு "க்குள்" என்பதில் இருக்கிறது. வேலையை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன் என்பதை நான் ஒருமுறை "வித்தின் ஃப்ரைடே" என்று எழுதி அனுப்பினேன். "வெள்ளியன்றா, அதற்கு முன்பா?" என்று பதில் வந்தது. நான் எழுதியது அவருக்கு ஒரு பொருளையும் தரவில்லை. ஒரு நாளைக் கெடுவாகச் சொன்னால் "பை ஃப்ரைடே". வெள்ளியும் அதில் அடங்கும். "வித்தின்" கால அளவுக்கு மட்டும்: "வித்தின் த்ரீ டேஸ்". "வெள்ளி வரை" என்பது வேறு: "அன்டில் ஃப்ரைடே", அதுவரை வேலை தொடர்ந்து நடக்கிறது. இன்னொன்று, "ரெண்டு நாள்ல வரேன்" என்று நாம் சொன்னால் அதற்கு முன்னாலும் வரலாம். "ஐ வில் கம் இன் டூ டேஸ்" என்றால் கேட்பவர் இரண்டு நாள் கழித்துத்தான் எதிர்பார்ப்பார்.

"சின்ஸ்", "ஃபார்" இரண்டையும் தமிழே பிரித்துக் கொடுத்துவிடும். "2019 முதல்", "காலையிலிருந்து" என்று தொடக்கத்தைச் சொன்னால் "சின்ஸ்". "மூன்று வருஷமாக", "ரெண்டு மணி நேரமாக" என்று "ஆக" வந்தால் "ஃபார்". இவ்வளவு தெளிவாக இருந்தும் "சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று எழுதுபவர்கள் ஏராளம். "ஃப்ரம் மார்னிங் ஐ ஆம் வெயிட்டிங்" என்பதும் நம் "காலையிலிருந்து"வின் நேரடிக் குழந்தை. இப்போதுவரை தொடர்ந்தால் "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்".

நான்காம் படி: "கு"வும் "ஆல்"உம்

"கு" பெரும்பாலும் "டு" அல்லது "ஃபார்". கைமாறினால் "டு", யாருக்காக என்றால் "ஃபார்": அவனுக்குக் கொடுத்தேன், "டு ஹிம்", அவனுக்கு வாங்கினேன், "ஃபார் ஹிம்". வீட்டுக்குப் போகும்போது மட்டும் ஒன்றும் வேண்டாம், "கோ ஹோம்". "எனக்குப் பிடிக்கும்" போன்ற வாக்கியங்களில் "கு" மொத்தமாகக் காணாமல் போய் "ஐ லைக்" ஆகிவிடும்.

"ஆல்" கருவியானால் "வித்", செய்தவரானால் "பை", காரணமானால் "பிகாஸ் ஆவ்". கத்தியால் வெட்டுவது "வித் அ நைஃப்". அவரால் எழுதப்பட்டது "பை ஹிம்". மழையால் தாமதம் "பிகாஸ் ஆவ் த ரெயின்". கத்தியைப் பிடித்த கை யாருடையதோ அவருக்கு "பை", கத்திக்கு "வித்" என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: வினையோடு சேர்த்தே படியுங்கள்

இதுவரை சொன்னதற்கு ஓரளவு படம் வரைந்து காட்டலாம். இனி வருவதற்கு முடியாது. எந்த வினைக்கு எந்த ப்ரெபொசிஷன் என்பது பெரும்பாலும் வழக்கு. ஏன் என்று கேட்டுப் பயனில்லை. அதனால் "டிபென்ட்" என்று தனியாகப் படிக்காமல் "டிபென்ட் ஆன்" என்று ஒரே சொல்லாகப் படியுங்கள். "லிசன் டு", "வெயிட் ஃபார்", "பிலாங் டு", "அப்ளை ஃபார்", "அஃப்ரெய்ட் ஆவ்", "இன்ட்ரஸ்டட் இன்", "கோப் வித்". கடைசியில் உள்ளதைப் பலர் "கோப் அப் வித்" என்பார்கள். நடுவில் "அப்" கிடையாது. "சீனியர்", "ஜூனியர்", "சுப்பீரியர்", "இன்ஃபீரியர்" நான்கும் லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள். அவற்றுக்கு "தேன்" வராது, "டு" தான்: "சீனியர் டு மீ".

ப்ரெபொசிஷனே வேண்டாத வினைகளைத் தனியாக எழுதி வையுங்கள், ஏனென்றால் தமிழ் அங்கே சும்மா இருக்காது. "அதைப் பற்றி விவாதித்தோம்" என்று நினைத்துக்கொண்டே எழுதினால் "டிஸ்கஸ்டு அபவுட்" வந்துவிடும். "டிஸ்கஸ்டு இட்" போதும். அறைக்குள் நுழைந்தான் என்பதற்கு "என்டர்டு த ரூம்", "இன்டு" வேண்டாம். "ரீச்" என்ற வினைக்கும் அப்படியே. ஆனால் அதே பொருள் தரும் "அரைவ்"வுக்கு "அட்" அல்லது "இன்" கட்டாயம். "மேரி" இன்னும் வேடிக்கை: "ஷி மேரிட் ஹிம்", "ஷி இஸ் மேரிட் டு ஹிம்". "மேரிட் வித் டூ சில்ட்ரன்" என்று பார்த்தால் பதறாதீர்கள்; திருமணமாகி இரண்டு குழந்தைகள் இருக்கின்றன என்று பொருள்.

ப்ரெபொசிஷன் மாறினால் பொருளும் மாறும் இடங்கள் சுவையானவை. "ஹி த்ரூ த பால் டு மீ" என்றால் நான் பிடிப்பதற்காக என்னிடம் எறிந்தான். "ஹி த்ரூ த பால் அட் மீ" என்றால் என்மேல் படவேண்டும் என்றே எறிந்தான். "ஷவுட் டு" தூரத்தில் இருப்பவர் காதில் விழக் கத்துவது. "ஷவுட் அட்" திட்டுவது. கதவருகே பார்த்த அதே "அட்" தான் இங்கேயும்: புள்ளி இப்போது குறியாகிவிட்டது.

ஆறாம் படி: கடைசியில் தொங்கும் ப்ரெபொசிஷன்

"நான் உட்கார்ந்த நாற்காலி." இதில் "நாற்காலியில்" என்பதன் "இல்" எங்கே போனது? பெயரெச்சம் வந்ததும் தமிழில் உருபு சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது மறையாது, வால் போலத் தொங்கும்: "த சேர் ஐ சாட் ஆன்". அதேபோல "நான் தங்கியிருந்த வீடு", "த ஹவுஸ் ஐ ஸ்டேய்ட் இன்". நாம் அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிடுவோம், தவறென்றே தோன்றாது. சந்தேகம் வந்தால் முழு வாக்கியமாக்கிப் பாருங்கள். "ஐ சாட் ஆன் த சேர்" என்பதில் "ஆன்" இருந்தால் திருப்பிச் சொல்லும்போதும் இருந்தாக வேண்டும்.

வாக்கியத்தை ப்ரெபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருக்கலாம். இங்கிலாந்துக் கவிஞர் ஜான் டிரைடன் 1672இல், தமக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இதைக் குறையாகச் சொன்னார். லத்தீனில் அப்படி முடிக்க வழியில்லை என்பதும் அந்தத் தயக்கத்துக்குத் துணைநின்றது. 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத், கம்பீரமான நடைக்கு இது பொருந்தாது என்றாலும் நம் மொழி இதை மிகவும் விரும்புகிறது என்று எழுதினார். அப்படிச் சொன்ன கூற்றையே "டு" என்றுதான் முடித்தார். "வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

"கம் இன்", "கிவ் அப்" போன்றவற்றில் பின்னால் பெயரே இல்லையே என்று தோன்றும். அங்கே அவை வினையோடு ஒட்டிய துணைச்சொற்கள். அது தனிப் பாடம், இப்போதைக்குத் தாண்டிவிடலாம்.

பழகும் முறை

உங்களுக்குப் பிடித்த ஆங்கிலப் பத்தி ஒன்றை, எட்டுப் பத்து வரி போதும், நோட்டில் எழுதுங்கள். ப்ரெபொசிஷன் வரும் இடமெல்லாம் கோடு போட்டுக் காலியாக விடுங்கள். இரண்டு நாள் கழித்து நிரப்பிப் பாருங்கள். அசலோடு ஒப்பிடும்போது தவறிய இடங்களை மட்டும், முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு சேர்த்து, கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் அந்தப் பக்கம் உங்களுக்கே உரிய பட்டியலாகிவிடும்; அச்சிட்ட எந்தப் பட்டியலையும்விட அது சிறியதாக இருக்கும். எனக்கு அதில் திரும்பத் திரும்ப வந்தவை "டிஸ்கஸ்"உம் "சின்ஸ்"உம்.

நிரப்பும்போது அசலோடு பொருந்தாததெல்லாம் தவறு என்றும் முடிவுகட்ட வேண்டாம். பிரிட்டனில் "அட் த வீக்கெண்ட்" என்பார்கள், அமெரிக்காவில் "ஆன் த வீக்கெண்ட்". படிவத்தை ஒருவர் "ஃபில் இன்" செய்வார், மற்றவர் "ஃபில் அவுட்" செய்வார். "டிஃபரன்ட் ஃப்ரம்" இரு பக்கமும் செல்லும். பிரிட்டனில் "டிஃபரன்ட் டு", அமெரிக்காவில் "டிஃபரன்ட் தேன்" என்றும் கேட்பீர்கள். நீங்கள் எழுதியது நோட்டிலுள்ள பத்தியோடு மாறினால், நல்ல அகராதி ஒன்றில் அந்த வினையின் கீழ் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள். அங்கேயும் இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் ஏற்றுங்கள்.